தட்டிக்கொண்டே இருக்கும் விரலிடம் எதிர்வினை நேரத்தை அளக்கும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நலவாழ்வுப் பக்கங்களிலும் விளையாட்டுப் பக்கங்களிலும் ஒரு வகை எண் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. பெடல் மிதித்துக்கொண்டோ, டிரெட்மில்லில் நடந்துகொண்டோ, விரலால் தாளம் தட்டிக்கொண்டோ இருப்பவருக்கு இடையில் ஒரு விளக்கைக் காட்டுகிறார்கள் அல்லது மணியடிக்கிறார்கள். அவர் எத்தனை மில்லி விநாடியில் பதில் கொடுத்தார் என்பதே அந்த எண். தலையில் அடிபட்ட வீரர் மறுபடி களமிறங்கலாமா, முதியவர் நடக்கையில் விழும் ஆபத்து எவ்வளவு, இரவுப் பணி முடித்தவர் வண்டி ஓட்டும் நிலையில் இருக்கிறாரா என்பதையெல்லாம் முடிவு செய்ய இந்த எண்ணைத் துணைக்கு அழைக்கிறார்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவரிடம் எடுக்கும் எதிர்வினை நேரத்துக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. உடல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும்போது, எந்த எதிர்வினையும் இல்லாமலேயே அழகான ஓர் எண் வந்து விழும். வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

ஒருவர் ஒரே பொத்தானை விநாடிக்கு 2 முறை தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரிந்ததும் அதே பொத்தானை உடனே அழுத்த வேண்டும் என்பது விதி. அவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறார், விளக்கு எரிவதே தெரியாது என்றால் என்ன ஆகும்? விளக்கு எரியும் கணத்துக்கும் அடுத்த தட்டுக்கும் உள்ள இடைவெளி 0 முதல் 500 மில்லி விநாடிக்குள் எதுவாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. சராசரி 250. விளக்கைப் பார்த்து விரலை அழுத்த ஆரோக்கியமான பெரியவருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். ஆக, விளக்கையே பார்க்காதவரும் 'இயல்பான வேகம்' என்ற சான்றிதழோடு வெளியே போவார்.

இதைத் தடுக்க ஒரு வடிகட்டி இருக்கிறதே என்பார்கள். 100 மில்லி விநாடிக்குக் குறைவானதை முந்திக்கொண்ட அழுத்தம் என்று நீக்குவது பொதுவான பழக்கம். உலகத் தடகள அமைப்பின் விதியும் ஓட்டத் தொடக்கத்தில் இதே 0.100 விநாடியைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அசையாமல் காத்திருக்கும் ஓட்டக்காரருக்கு அது பொருந்தும். நமது தட்டுக்காரரிடம் அந்த வடிகட்டி 100 பதிவுகளில் சுமார் 20-ஐ மட்டுமே நீக்கும். மீதி 80 தேறிவிடும், அவற்றின் சராசரி 300 ஆகும். சற்று மந்தம், ஆனாலும் நம்பும்படியான எண். வடிகட்டி குப்பையை அகற்றவில்லை, அதற்குச் சலவை செய்து கொடுத்திருக்கிறது.

நம்பகத்தன்மை என்ற சொல் சிக்கலாவது இந்த இடத்தில்தான். ஒரு சோதனையை இரண்டு வேறு நாள்களில் செய்து, ஆள்களின் வரிசை மாறாமல் வந்தால் அதை நம்பகமானது என்கிறோம். ஒவ்வொருவரும் தமக்கு வசதியாகத் தட்டும் வேகம் பெரிதாக மாறாது. பெரியவர்களில் பலருக்கு அந்தச் சுழற்சி 600 மில்லி விநாடியை ஒட்டி இருக்கும். சிலருக்கு 400, சிலருக்கு 800. இன்று 400-இல் தட்டுகிறவருக்கு 'எதிர்வினை நேரம்' 200 என்று வரும், 800-இல் தட்டுகிறவருக்கு 400 என்று வரும். அடுத்த வாரமும் அப்படியே வரும். இரண்டு நாள் எண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.9-ஐத் தொட்டாலும் வியப்பில்லை. சோதனை மிக நம்பகமாக அளந்திருப்பது தட்டும் வேகத்தின் பாதியை. திரும்பத் திரும்ப ஒரே விடை வருகிறது என்பது, அளக்க நினைத்ததைத்தான் அளந்தோம் என்பதற்குச் சாட்சி ஆகாது. 'எங்கள் கருவியின் நம்பகத்தன்மை 0.9' என்ற விளம்பர வரியைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உண்மையான பதிவில் இரண்டும் கலந்திருக்கும். சில முறை ஆள் உண்மையாகவே விளக்குக்குப் பதில் சொல்லியிருப்பார், சில முறை வழக்கமான தட்டு பதிலாகப் பதிவாகியிருக்கும். எது எது என்று பின்னால் உட்கார்ந்து பிரிக்க முடியாது. ஆனால் கலப்படம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். சமிக்ஞை எதுவும் இல்லாத இடங்களில், பதிவு முழுக்கப் பரவலாக, கணினியை விட்டு 50 வெற்றுக் குறிகளைப் போடச் சொல்லுங்கள். ஆளுக்கு எதுவும் தெரியவோ கேட்கவோ கூடாது. உண்மையான சமிக்ஞைகளுக்குப் பயன்படுத்திய அதே நிரலை, அதே எல்லைகளோடு இந்த வெற்றுக் குறிகள் மேலும் ஓட்டுங்கள். 100 முதல் 500 மில்லி விநாடிக்குள் 'பதில்' எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் போனால் அந்த அமைப்பால் பதிலையும் வழக்கமான அசைவையும் பிரித்தறிய முடியவில்லை என்று பொருள். முன்னே சொன்ன தட்டுக்காரரிடம் 50-க்குச் சுமார் 40 வரும். இன்னொரு அடையாளம், பதில் நேரங்களின் பரவல் படம். உண்மையான எதிர்வினை இடப்பக்கம் செங்குத்தாக ஏறி வலப்பக்கம் வால் நீண்டு இறங்கும். காத்திருப்பு நேரம் மேசைப் பலகை போல் தட்டையாக இருக்கும். சராசரியை மட்டும் அச்சிடும் செயலிகளில் இது தெரியவே தெரியாது.

சரி, சரியாகச் செய்வது எப்படி? அந்தத் தொடர் அசைவால் தற்செயலாகக்கூட உண்டாக்க முடியாத ஒன்றாகப் பதில் இருக்க வேண்டும். வலது கை தட்டினால் இடது கையில் தனிப் பொத்தான். கால்கள் மிதித்தால் கைப்பிடியில் கட்டைவிரல் பொத்தான். கைக்கடிகாரத்தின் அசைவுச் சென்சாரைப் பதிலுக்கு வைப்பது மோசமான தேர்வு. நடக்கும்போது கை வீசும் ஒவ்வொரு முறையும் அது எல்லையைத் தாண்டும். கைப்பிடிப் பொத்தானிலும் கவனம் தேவை: மிதிக்கும் அதிர்வில் தளர்வான பொத்தான் தானாகவே தொட்டு விலகும். விரலை எடுத்துவிட்டு 2 நிமிடம் வேகமாக மிதிக்கச் சொல்லி, ஓர் அழுத்தம்கூடப் பதிவாகவில்லை என்று உறுதி செய்த பிறகே ஆளைச் சோதிக்க வேண்டும்.

மறு கை என்றாலும் முழு விடுதலை இல்லை. இரண்டு கைகளும் ஒன்றையொன்று தாளத்துக்குள் இழுக்கும் இயல்புடையவை; ஹாக்கன், கெல்சோ, பன்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1985-இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். இழுப்பு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. சமிக்ஞைகள் சுழற்சியின் எல்லாக் கட்டங்களிலும் சமமாக விழுந்திருந்தால், பதில்களும் ஏறத்தாழ எல்லாக் கட்டங்களிலும் பரவியிருக்க வேண்டும். வலது விரல் கீழே படும் நேரத்திலேயே இடது கைப் பதில்களும் குவிந்திருந்தால், இடது கை தாளத்தைப் பார்த்துக் காத்திருக்கிறது.

குரலால் பதில் சொல்ல வைப்பது நடைச் சோதனைகளுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரே சொல்லை எல்லாருக்கும் வையுங்கள், அது வெடிப்பொலியில் தொடங்கட்டும். 'பா' என்றால் மைக் உடனே பிடித்துக்கொள்ளும். 'சா' என்றால் முதலில் வரும் சீறல் ஒலி எல்லைக்குக் கீழே தங்கி, உயிரொலி வந்த பிறகே கருவி விழிக்கும். சில பத்து மில்லி விநாடிகள் அங்கேயே போய்விடும். கடினமாக மிதிக்கும்போது வேறொரு தொல்லை. மூச்சு இழுக்கும் நேரத்தில் மணியடித்தால், இழுப்பை நிறுத்தி வெளிவிடத் தொடங்கினால்தான் குரல் எழும். பெருமூச்சின் சத்தமே பதிலாகப் பதிவாவதும் உண்டு. மிதமான வேகத்துக்கு மேல் குரலைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்தது கட்டம். சுழற்சியின் எந்த இடத்தில் சமிக்ஞை வந்தது என்பதைப் பதிவு செய்யாத சோதனையை எடுத்து வைத்துவிடலாம் என்பதே எங்கள் கருத்து. லஜ்வா, டீஸ்டேல் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருப்பதைவிட நிற்கும்போதும், நிற்பதைவிட நடக்கும்போதும் பதில் தாமதமானது. நடையிலும், இரண்டு பாதமும் தரையில் இருக்கும் கட்டத்தைவிட ஒற்றைக் காலில் உடல் நிற்கும் கட்டத்தில் தாமதம் கூடியது. விழாமல் நிற்க அந்தக் கணத்தில் கவனம் கூடுதலாகச் செலவாகிறது. பதில் சொல்லும் உறுப்பே அசைந்துகொண்டிருந்தால் வெறும் பௌதிகமும் சேர்ந்துகொள்ளும்: விரல் மேலே போய்க்கொண்டிருக்கையில் 'கீழே அழுத்து' என்ற கட்டளை வந்தால், முதலில் அதை நிறுத்த வேண்டும், பிறகு திருப்ப வேண்டும். மூளை முடிவெடுத்த நேரம் மாறவில்லை, பொத்தான் தொட்ட நேரம் மாறியது. முதல் நாள் சமிக்ஞைகள் பெரும்பாலும் ஒரு கட்டத்திலும் மறுநாள் வேறு கட்டத்திலும் விழுந்திருந்தால் ஆள் மாறாமலேயே எண் மாறும்.

சமிக்ஞைகள் ஒரே கட்டத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது சொல்வதுபோல் எளிதல்ல. நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பவருக்கு ஒரு சுற்று சரியாக 1 விநாடி. நிரலில் இடைவெளிகளை 3, 4, 5, 6 விநாடி என்று முழு எண்களில் வைத்துவிட்டால், ஆள் சீராக மிதிக்கும் வரை எல்லாச் சமிக்ஞைகளும் பெடலின் ஒரே நிலையிலேயே விழும். 90 சுற்றில் 2 விநாடி என்பது சரியாக 3 சுற்று. 80 சுற்றில் 3 விநாடி என்பது சரியாக 4 சுற்று. தாளம் காட்டும் மெட்ரோனோமும் சமிக்ஞையும் ஒரே கணினியிலிருந்து வந்தால் இந்தப் பூட்டு இன்னும் இறுகும். இடைவெளிகளை ஒரு மில்லி விநாடித் துல்லியத்தில், ஒழுங்கில்லாமல் எடுக்க வேண்டும். கையால் பொத்தானை அழுத்தி மணியடிப்பவர் இருந்தால் நிலைமை மேலும் மோசம்: அவர் கண் அசைவைப் பார்க்கிறது, கை தன்னையறியாமல் அந்தத் தாளத்தோடு சேர்ந்துகொள்கிறது.

இடைவெளியின் பரவலையும் கவனிக்க வேண்டும். 2 முதல் 10 விநாடிக்குள் சம வாய்ப்பில் எடுத்தால், 8 விநாடி கடந்ததும் 'இனி வந்தே ஆக வேண்டும்' என்று உடல் தயாராகிவிடும். நீண்ட இடைவெளிகளுக்குப் பதில் வேகமாகும். குறைந்தபட்சம் 2 விநாடி, அதற்கு மேல் சராசரி 4 விநாடி கொண்ட அடுக்குக்குறிப் பரவல் (குறுகிய இடைவெளிகள் அதிகமாகவும் நீண்டவை அரிதாகவும் வருவது) என்று அமைத்தால் எந்தக் கணத்திலும் எதிர்பார்ப்பு ஒரே அளவில் இருக்கும். 2 விநாடி என்ற கீழெல்லைக்கும் காரணம் உண்டு. அரை விநாடிக்குள் இரண்டு சமிக்ஞைகள் வந்தால் இரண்டாவதற்கான பதில் நீளும். இதை டெல்ஃபோர்டு என்ற ஆய்வாளர் 1931-லேயே காட்டிவிட்டார். சுழற்சியை 8 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 6 சமிக்ஞைகள் என்றால் மொத்தம் 48. சராசரி 6 விநாடி இடைவெளியில் 5 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கட்டத்தை அறிய நடையில் குதிகாலுக்கு அடியில் ஓர் அழுத்தச் சென்சார், பெடலில் ஒரு காந்தமும் அதை உணரும் சுவிட்சும் போதும்.

தசை இயங்கும்போது எழும் மின்குறிகளைப் பதியும் தசை மின்பதிவு வைத்து அளப்பவர்களுக்கு ஒரு சொல். அமைதியான தசையில், அடிநிலைச் சராசரிக்கு மேல் 3 திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் வழக்கமாகச் சிதறும் அளவு) தாண்டிய இடத்தைத் தொடக்கம் என்று எடுப்பது வழக்கம். தொடர் அசைவில் தசைக்கு அமைதி ஏது? ஒவ்வொரு சுழற்சியிலும் அது தானே எல்லையைத் தாண்டும். சமிக்ஞைக்கு முந்தைய 15, 20 சுழற்சிகளைக் கட்ட வாரியாக அடுக்கிச் சராசரி எடுத்து, அதே கட்டத்தின் சராசரியிலிருந்து 3 திட்ட விலக்கம் விலகி 20 மில்லி விநாடியாவது நீடித்த இடத்தையே தொடக்கமாகக் கொள்ள வேண்டும். பதிவின் இரைச்சலை நீக்கும் வடிகட்டலிலும் ஒரு பொறி இருக்கிறது. முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஓட்டும் வடிகட்டி தொடக்கத்தை உண்மையைவிட முன்னால் காட்டும். ஒரே திசையில் ஓட்டுவது பின்னால் தள்ளும். எதைப் பயன்படுத்தினாலும் எல்லா நாள்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

கருவித் தாமதம் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், அதில் பாதி தேவையற்றது. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். அதனால் வரும் தள்ளாட்டத்தின் திட்ட விலக்கம் 4.8 மில்லி விநாடி. ஒருவரின் பதில் முறைக்கு முறை மாறும் அளவு 50 என்றால், இரண்டும் சேர்ந்து 50.2 ஆகும். கண்டுகொள்ளத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது மாறாத் தாமதம் நாளுக்கு நாள் வேறாகும்போது: முதல் சோதனையில் கம்பி ஹெட்போன், இரண்டாவதில் ப்ளூடூத் ஹெட்போன் என்றால் 100 மில்லி விநாடிக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். அதை வீரரின் தலையில் எழுதிவிடுவார்கள். விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசி கேமராவால் விளக்கையும் பொத்தானையும் ஒரே சட்டகத்தில் 20 முறை படம் பிடித்து, கருவி சொன்ன நேரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். ஒரு படத்துக்கு 4.2 மில்லி விநாடி, இந்தச் சரிபார்ப்புக்கு அது தாராளம்.

சமிக்ஞை எது என்பதும் முக்கியம். அசையும் உறுப்பின் தோலில் வரும் தொடுவுணர்வை மூளை மட்டுப்படுத்திவிடும். ஆகவே தட்டும் கையிலேயே அதிர்வு கொடுத்துப் பதில் கேட்டால், தாமதத்தில் ஒரு பங்கு உணர்வு மங்கியதால் வந்தது. டிரெட்மில்லில் காலடிச் சத்தம் மணியை விழுங்கும். அதற்காக வேகம் கூடும்போது மணியின் சத்தத்தையும் கூட்டினால் இன்னொரு பிழை நுழையும், ஏனென்றால் சத்தம் கூடக் கூடப் பதில் வேகமாகும். எல்லா வேகங்களுக்கும் ஒரே சத்தம், அதுவும் மிக உயர்ந்த வேகத்திலும் தெளிவாகக் கேட்கும் அளவில், என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

ஆள் அசைவை விட்டுக்கொடுத்துப் பதிலைக் காப்பாற்றுவதும் நடக்கும். மணி வரும் என்று தெரிந்தவர் நடையைச் சற்றே தளர்த்துவார், அல்லது மணியடித்த கணத்தில் ஒரு சுற்று மெதுவாக மிதிப்பார். எதிர்வினை நேரம் நன்றாக இருக்கும், செலவு நடையில் ஏறியிருக்கும். முதியவர்களிடம் நாம் அறிய விரும்புவதே அந்தச் செலவைத்தான். சமிக்ஞைக்கு முந்தைய 3 சுழற்சிகள், பிந்தைய 3 சுழற்சிகள் ஆகியவற்றின் நீளத்தை எதிர்வினை நேரத்துக்கு அருகிலேயே எழுதி வைக்காத அறிக்கை பாதி அறிக்கைதான்.

இனி எண்ணிக்கை. ஒருவருக்குள்ளேயே முறைக்கு முறை மாறும் திட்ட விலக்கம் 60 மில்லி விநாடி என்றால், 9 முறை எடுத்த சராசரியின் பிழை 20. அதைப் 10 ஆக்க 36 முறை வேண்டும். முறைகளைக் கூட்டினால் நம்பகத்தன்மை எவ்வளவு கூடும் என்று சொல்லும் ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரப்படி, 10 முறையில் 0.50 நம்பகத்தன்மை தரும் சோதனை 40 முறையில் 0.80 தரும். செயலிகளில் வரும் '5 முறை தட்டுங்கள்' என்ற சோதனை எந்த முடிவுக்கும் போதாது. முதல் 15, 20 முறை பழகுவதற்கே போகும், அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆள்களுக்கிடையே திட்ட விலக்கம் 30 மில்லி விநாடி, நாள்களுக்கிடையே நம்பகத்தன்மை 0.80 என்ற நல்ல நிலையையே எடுத்துக்கொள்வோம். அளவீட்டின் திட்டப் பிழை, அதாவது ஒருவரின் எண் அளவீட்டுக் குறையால் மட்டும் வழக்கமாக ஆடும் அளவு, 30 × √0.20 = 13.4. தனி ஒருவரிடம் உண்மையான மாற்றம் என்று சொல்ல அதை 1.96-ஆலும் √2-ஆலும் பெருக்க வேண்டும், 37 வருகிறது. ஆகவே 'ஒரு மாதப் பயிற்சியில் 20 மில்லி விநாடி முன்னேற்றம்' என்று தனி ஆளின் படத்தோடு வரும் செய்திக்கு அடிப்படை இல்லை. ஒரே அமர்வின் ஒற்றைப்படை முறைகளையும் இரட்டைப்படை முறைகளையும் ஒப்பிட்டுப் பெற்ற நம்பகத்தன்மையை இந்தக் கணக்கில் போடுவதும் தவறு. தூக்கமும் களைப்பும் கொண்டுவரும் நாள் வேறுபாடு அதில் எட்டிப் பார்க்காது.

உட்கார்ந்திருக்கும்போது எடுத்த நேரத்தை, மிதிக்கும்போது எடுத்த நேரத்திலிருந்து கழித்து 'கவனச் செலவு' என்று தருவது இன்னும் பலவீனமானது. 1868-இல் டச்சு உடலியலாளர் டாண்டர்ஸ் தொடங்கிவைத்த கழித்தல் முறை அது. கூடுதலாக ஒரு வேலை சேர்ந்தாலும் மற்ற வேலைகள் மாறாது என்ற அனுமானத்தில் நிற்கிறது. தொடர் அசைவில் அந்த அனுமானம் நிற்காது. எண்ணளவிலும் அடி விழும். இரண்டு அளவீடுகளும் தனித்தனியே 0.80 நம்பகத்தன்மை கொண்டவை, அவற்றுக்கிடையே ஒட்டுறவு 0.60, பரவலும் சமம் என்றால் வித்தியாசத்தின் நம்பகத்தன்மை 0.50-க்கு இறங்கிவிடும். இரண்டு நல்ல எண்களைக் கழித்து நடுத்தரமான ஓர் எண்ணைப் பெறுகிறோம். குழுக்களை ஒப்பிட அது உதவும். ஒரு மனிதரை வேலைக்கு அனுப்புவதா, களத்தில் இறக்குவதா என்று தீர்மானிக்க அதைக் கையில் எடுக்கக் கூடாது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொடர் அசைவின்போது அளந்த எதிர்வினை நேரம் என்று எவரேனும் ஓர் எண்ணை வெளியிட அனுப்பினால், அதே பதிவில் வெற்றுக் குறிகளுக்கு எத்தனை 'பதில்' வந்தது என்பதையும் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். பதிவுக் கோப்பு கையில் இருப்பவருக்கு அது கால் மணி நேர வேலை. '50-க்கு 2' என்றோ '50-க்கு 38' என்றோ ஒரு வரியாக, அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இயக்க அளவீட்டுப் பணியில் உள்ளோர்